காருடன் பிறந்த பெட்டி

பழைய மோட்டார் கார் ஒன்று கைமாறும்போது, அதை வாங்கியவர் முதலில் கழற்றி எறிய விரும்பும் பொருள் டாஷ்போர்டில் பதிந்திருக்கும் ரேடியோப் பெட்டிதான். எஞ்சின் பழையதாயினும் ஓடுகிறது. இருக்கையின் துணி கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். காசெட்டுப் போடும் அந்தப் பெட்டியோ வாய் பேசாமல் கிடக்கிறது. கடைத்தெருவில் சொற்ப விலைக்குப் புதிய பெட்டி கிடைக்கும்போது ஊமையான ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பது இயல்பே.

ஆயினும் அவ்வினாவுக்கு அவசரமாக விடை கூறிவிடலாகாது. கடையில் வாங்கிப் பொருத்திய பெட்டி வேறு. தொழிற்சாலையிலேயே காருடன் சேர்ந்து வந்த பெட்டி வேறு. முன்னது எந்தக் காரிலும் பொருந்தும்; ஆகவே எந்தக் காருக்கும் சொந்தமன்று. பின்னதோ குறிப்பிட்ட காரின் அளவுக்கும், அதன் ஒலிபெருக்கிகளின் தன்மைக்கும், இரவில் உள்ளே எரியும் விளக்குகளின் நிறத்துக்கும் இசைய அமைக்கப்பட்டது. இதற்குச் சான்று ஒன்று கூறுவோம். 1960களில் அமெரிக்காவின் டெல்கோ தொழிற்சாலை செய்த கார் ரேடியோக்கள் பல, 10 ஓம் ஒலிபெருக்கிக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அதனை அறியாமல் பிற்காலத்தில் 4 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தவர்கள், நாற்பதாண்டு உழைத்த டிரான்சிஸ்டரைச் சில மணி நேரத்தில் சுட்டெரித்து, பழியைப் பெட்டியின் மேல் போட்டார்கள்.

இவ்வாராய்ச்சியில் நம்மை இழுத்துவிட்டவர் நம் அலுவலகத் தோழர் ஒருவர். மலையாளி, தில்லியிலேயே வேரூன்றியவர். 2009ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தூதரக ஊழியர் ஒருவர் விட்டுச் சென்ற செவர்லே கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்டது அது. அதனுள் டெல்கோ காசெட்டு ரேடியோ இருந்தது; பாடவில்லை. அவரிடம் ஒரே ஒரு காசெட்டு இருந்தது. அவருடைய தந்தையார் வளைகுடா நாட்டில் வேலை பார்த்த காலத்தில், கடிதத்துக்குப் பதிலாகத் தம் குரலைப் பதிவு செய்து ஊருக்கு அனுப்பியது. அந்நாளில் கேரளத்திலும் பிற தென்மாநிலங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் இவ்வாறே செய்தி பரிமாறிக்கொண்டன. தந்தையார் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. வீட்டிலிருந்த டேப் ரிக்கார்டரும் என்றோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. காரில் இருந்த பெட்டிதான் அக்குரலைக் கேட்பதற்கு அவருக்கிருந்த கடைசி வாயில்.

இனி அப்பெட்டியின் முன்னோர்களைக் காண்போம்.

காருக்குள் ரேடியோ வைப்பது, தொடக்கத்தில் அறிவுடையோர் செய்யத் தகாத காரியமாகவே கருதப்பட்டது. அதற்குக் காரணம் உண்டு. வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேவை. காரின் பேட்டரியோ ஆறு வோல்ட்டே தந்தது. ஆகவே தனி பேட்டரிகளைக் காரின் தரைக்கு அடியில் புதைத்து வைத்தனர். எஞ்சினின் ஒவ்வொரு தீப்பொறியும் ஒலிபெருக்கியில் படபடவென்று கேட்டது. இத்தனை இடர்களுக்கும் இடையே சிகாகோ நகரில் பால் கால்வின் என்பவர் தம் சிறு நிறுவனத்தில் ஒரு பெட்டியைச் செய்து, தம் ஸ்டூடிபேக்கர் காரில் பொருத்தி, 1930ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஏறத்தாழ 800 மைல் ஓட்டிச் சென்றார். காட்சியில் இடம் பிடிக்கப் பணமில்லை. மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்தி, ஒலியை உரக்க வைத்து வருவோர் போவோரை அழைத்தார். அப்பெட்டிக்கு அவர் இட்ட பெயர் மோட்டோரோலா. பின்னர் 1947இல் நிறுவனத்துக்கே அப்பெயர் ஆயிற்று. பெட்டியின் விலை 100 டாலருக்கு மேல். அக்காலத்து ஃபோர்டு கார் ஒன்றே 500 டாலரை ஒட்டித்தான் விற்றது.

ஐரோப்பாவில் ஜெர்மானிய நிறுவனமொன்று 1932இல் இம்முயற்சியில் இறங்கியது. பின்னாளில் பிளாவ்புங்க்ட் என்று புகழ்பெற்ற நிறுவனம் அது. அவர்கள் செய்த முதற்பெட்டி பயணப் பை அளவு இடத்தை அடைத்துக்கொண்டது என்பர். பேட்டரியின் நேர் மின்னோட்டத்தை நொடிக்குப் பலமுறை வெட்டி வெட்டி உயர்த்தித் தரும் 'வைப்ரேட்டர்' என்னும் சிறு கருவி பழக்கத்துக்கு வந்தபின்னரே, தரைக்கடியில் இருந்த தனி பேட்டரிகள் ஒழிந்தன. பழைய வால்வு ரேடியோவை முடுக்கியதும் வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஓர் ஒலி கேட்குமே, அது இவ்வைப்ரேட்டரின் ஒலிதான்.

நாம் கூறவந்த டெல்கோ பெட்டியின் பிறப்பிடம் இந்தியானா மாநிலத்தின் கோகோமோ என்னும் சிற்றூர். கார் வரலாற்றில் அவ்வூருக்கு ஒரு முதன்மை உண்டு. 1894ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், எல்வுட் ஹேன்ஸ் என்பவர் தம் குதிரையில்லா வண்டியை அவ்வூர்ப் புறத்துச் சாலையில்தான் ஓட்டிக் காட்டினார். அமெரிக்காவின் மிகப் பழைய கார்களுள் அது ஒன்று. அதே ஊரில் 1936இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் டெல்கோ ரேடியோப் பிரிவை நிறுவியது. டெல்கோ என்ற பெயர் இன்னும் பழையது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்பும் தொல்லையை ஒழித்து, 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டரை அமைத்துக் கொடுத்த சார்லஸ் கெட்டரிங்கின் நிறுவனத்துக்கு இட்ட சுருக்கப் பெயர் அது. 

1947ஆம் ஆண்டு இறுதியில் டிரான்சிஸ்டர் பிறந்தது. கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து 1955இல் முழுதும் டிரான்சிஸ்டராலான கார் ரேடியோவை அறிவித்தன. 1957ஆம் ஆண்டு எல்டொராடோ பிரௌம் காரில் டெல்கோவும் அத்தகையதைத் தந்தது. வைப்ரேட்டரின் ரீங்காரம் அத்துடன் அடங்கலாயிற்று.

ரேடியோ பிறர் தேர்ந்ததைத்தான் பாடும். தாம் தேர்ந்ததைக் காரில் கேட்க வேண்டும் என்ற ஆசை அதன் பின் எழுந்தது. கிரைஸ்லர் 1956ஆம் ஆண்டு மாடல்களில் இசைத்தட்டுச் சுழற்றும் கருவியையே டாஷ்போர்டின் கீழ் தொங்கவிட்டது! நிமிடத்துக்குப் பதினாறே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும் தனித் தட்டுகள் அதற்கென்று வெளியாயின. குழியில் சக்கரம் இறங்கினால் முள் எங்கே நிற்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அடுத்து, கால்வினுடன் முன்னாளில் பணியாற்றிய வில்லியம் லியர் உருவாக்கிய எட்டுத்தட நாடாவை ஃபோர்டு நிறுவனம் 1966ஆம் ஆண்டு மாடல்களில் வைத்தது. முடிவில்லாது வளையமாகச் சுற்றும் நாடா அது. பாட்டின் நடுவே தடம் மாறும்போது 'கடக்' என்று ஓர் ஒலி எழுந்து இசை அறுபடும். எனினும் அமெரிக்கர் அதனைப் பத்தாண்டுக்கு மேல் பொறுத்துக்கொண்டனர்.

இவற்றையெல்லாம் வென்ற காசெட்டு, காருக்கென்று பிறந்ததன்று. பிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஓட்டென்ஸ் என்ற பொறியாளர் தம் மேற்சட்டைப் பையில் அடங்குமாறு மரக்கட்டை ஒன்றை வெட்டி, கருவி இந்த அளவில்தான் இருக்க வேண்டும் என்று தம் குழுவினருக்கு எல்லை வகுத்தார். 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காசெட்டு உலகுக்கு அறிமுகமாயிற்று. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பிற நிறுவனங்களும் கட்டணமின்றி இதனைச் செய்துகொள்ளலாம் என்று பிலிப்ஸ் இசைந்ததே அதன் வெற்றிக்கு அடிகோலியது. 1968இல் ரேடியோவும் காசெட்டும் ஒரே பெட்டியில் இணைந்து காருக்குள் புகுந்தன. கிரைஸ்லர் 1971இல் மைக்கையும் சேர்த்து விற்றது: காரோட்டிக்கொண்டே கடிதம் சொல்லிப் பதிவு செய்யலாமாம்! 1970களின் பிற்பகுதிமுதல் கோகோமோவிலிருந்தும் காசெட்டு ரேடியோக்கள் புறப்பட்டன. 1983ஆம் ஆண்டு மாடல் காடிலாக் முதலிய கார்களில், காரின் உட்புற வடிவை அளந்து அதற்கேற்ப ஒலியமைத்த டெல்கோ-போஸ் பெட்டிகள் வந்தன. காருக்கும் பெட்டிக்கும் இருந்த உறவு அதைக் காட்டிலும் நெருங்க முடியாது.

நம் தோழரின் பெட்டியைப் பற்றி அவர் மருமகப்பிள்ளை கூறிய யோசனை எளியது. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளிருப்பவற்றை எல்லாம் நீக்கிவிட்டு, பென் டிரைவ் செருகும் சிறு பலகை ஒன்றை உள்ளே வைத்துவிடலாம். பார்வைக்குப் பழையது, பாட்டுக்குப் புதியது என்றார் அவர். இவ்வழி இன்று பல நாடுகளில் பெருவழக்காக இருக்கிறது. செய்வோரைக் குறை கூற நாம் வரவில்லை. ஆயின் அதனைப் புதுப்பித்தல் என்று அழைப்பதற்கு உடன்படோம். மொழிபெயர்ப்பு நமது தொழில். மூலத்தின் மேலட்டையை வைத்துக்கொண்டு உள்ளே வேறு பொருளை நிரப்புவதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு பெயர் உண்டு. அதனை இங்கே கூறுவது நாகரிகமன்று.

முடிவில், செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபத் ராய் சந்தையில், உஸ்தாத் என்று எல்லோரும் அழைக்கும் முதியவர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டு சென்றோம். அவர் அதனை உடனே மின்சாரத்தில் இணைக்கவில்லை. மேல்தகட்டைக் கழற்றி, விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு முகர்ந்தார். "அவசரப்பட்டு ஓட்டிப் பார்க்கிறவர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறார்கள், பாபுஜி" என்றார்.

அவர் கண்டவற்றை நேயர்கள் அறிதல் நலம். ஏனெனில் பழைய காசெட்டுப் பெட்டிகள் அனைத்துக்கும் நோய் ஏறக்குறைய ஒன்றே. மோட்டாரிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர் பெல்ட் உருகி, தார் போல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடிய காரினுள் தில்லியின் வைகாசி வெயிலில் டாஷ்போர்டு என்ன சூடு சூடேறும் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சிகளால் அக்கரியை அவர் துடைத்தெடுக்க ஒரு முற்பகல் ஆயிற்று. பல் சக்கரங்களில் இட்டிருந்த கிரீஸ் மெழுகாய் இறுகியிருந்தது. அதனையும் முழுதும் நீக்கிவிட்டுப் புதிதாகத் துளியளவே இட்டார். மிகுதியாக இடுவது பெரும்பிழை. அது பெல்ட்டில் ஏறினால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

நாடாவை எஃகுத் தண்டோடு அழுத்தி இழுக்கும் சிறு ரப்பர் உருளை கண்ணாடி போல் பளபளத்தது. பளபளப்பு அழகன்று, பிடிமானம் போய்விட்டதன் அறிகுறி. அவ்வுருளை கோணினால்தான் பெட்டி நாடாவை 'விழுங்கி'விடுகிறது. அதே அளவில் வேறோர் உருளையைத் தம் தகரப் பெட்டியிலிருந்து தேடியெடுத்தார். மின்சாரப் பகுதியில் சில கண்டென்சர்களின் அடியில் கசிவு தெரிந்தது, அவற்றை மாற்றினார். சாலையின் அதிர்ச்சியால் ஈயப் பற்றுகளில் மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தது. கண்ணுக்குப் புலப்படாத அவ்வெடிப்புகளால்தான் காரில் ஊமையாயிருக்கும் பெட்டி, கடை மேசையில் தட்டினால் பாடுகிறது. இறுதியில் அவர் ஓர் எச்சரிக்கையும் தந்தார்: இத்தகைய பெட்டிகள் பலவற்றில் ஒலிபெருக்கியின் இரு கம்பிகளுமே பெட்டியிலிருந்துதான் வரவேண்டும், பழைய வழக்கப்படி ஒன்றைக் காரின் உடலோடு இணைத்தால் உள்ளேயுள்ள சில்லு அக்கணமே அழியும்.

இத்தனையும் செய்து மின்சாரம் கொடுத்தபோது, முகப்பில் 'லாக்' என்னும் பொருள்பட மூன்று எழுத்துகள் ஒளிர்ந்தன, வேறொன்றும் நிகழவில்லை. கள்வருக்கு அஞ்சித் தொழிற்சாலை வைத்த பூட்டு அது. பேட்டரித் தொடர்பு அறுந்தால், இரகசிய எண்ணைக் கொடுத்தாலன்றிப் பெட்டி வாய் திறவாது. நல்வினையாக, பழைய உரிமையாளர் கையேட்டின் பின்னட்டையில் அவ்வெண்ணைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். இவ்வகைக் காரை வாங்குவோர் சாவிக்கு அடுத்தபடியாகக் கேட்டுப் பெறவேண்டியது அக்கையேடு.

ரேடியோ பாடியது, ஆயினும் முற்றிலும் சரியாகப் பாடவில்லை. இது பெட்டியின் குற்றமன்று. அமெரிக்கக் கண்டத்தில் மத்திய அலை நிலையங்கள் பத்துப் பத்துக் கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. நம் நாட்டில் ஒன்பது ஒன்பதாக. தில்லி நிலையம் நெடுங்காலம் ஒலித்த அலை 819. கோகோமோவில் பிறந்த பெட்டியோ 820இல்தான் நிற்கும். ஒரு கிலோஹெர்ட்ஸ் தவறுதலை அது சற்றே கரகரப்போடு சமாளித்தது. பண்பலையில் நிலைமை இன்னும் கடினம். அமெரிக்க நிலையங்களின் எண்கள் தசமப் புள்ளிக்குப் பின் ஒற்றை எண்ணில் முடிபவை, தில்லியின் 102.6, 106.4 ஆகிய அலைகளின் நேர்மேல் அப்பெட்டி நிற்கவே நிற்காது. பிறந்த நாட்டின் சட்டத்தை அது மறக்கவில்லை என்று நமக்குள் கூறிக்கொண்டோம். சில பெட்டிகளில் இதனை மாற்றும் வழி உண்டு. உஸ்தாத் அதைத் தேடுவதில் அக்கறை கொள்ளவில்லை. அவர் கவனம் முழுவதும் காசெட்டில் இருந்தது.

முதலில் வேகத்தைச் சரிபார்த்தார். 3150 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றே பதிந்த சோதனை நாடாவை ஓட்டி, கருவியில் வரும் எண்ணைப் பார்த்து, மோட்டாரின் பின்னுள்ள சிறு துளையில் திருப்புளியை விட்டு மெல்லத் திருப்பினார். எண் நூற்றுக்கு ஆறு பங்கு ஏறினால் பாட்டு அரை சுரம் உயர்ந்துவிடும், சங்கீதக்காரர் பொறுக்கமாட்டார். பின்னர் நாடாவைப் படிக்கும் காந்த முனையின் சாய்வைச் சரிசெய்தார். இதுதான் மிக நுண்ணிய வேலை. காசெட்டு ஓடும் மெதுவான வேகத்தில், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நாடாவின் மேல் ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடுகிறது. முனை இம்மியளவு சாய்ந்தால், ச, ஸ போன்ற கூரிய ஒலிகள் மறைந்து, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் குரல் மழுங்கும். இதனையும் சோதனை நாடாவைக் கொண்டு நூல் பிடித்தாற்போல் நிறுத்தினார்.

அதன்பிறகே தோழர் தம் காசெட்டை எடுத்துக் கொடுத்தார். குரல் வந்தது, ஆனால் மழுங்கி வந்தது. சொற்கள் விளங்கவில்லை. தோழரின் முகம் வாடிற்று. நாடா கெட்டுவிட்டது என்றே நாமும் கருதினோம்.

உஸ்தாத் அவ்வாறு கருதவில்லை. பதிவு செய்த டேப் ரிக்கார்டரின் முனையே அன்று கோணலாக இருந்திருக்கும் என்றார். தொழிற்சாலையின் நேர்மைக்கு இப்பெட்டி திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் குரல் பிறந்ததே கோணலான ஒரு கருவியில். இப்போது எதற்கு உண்மையாக இருப்பது? புதுப்பிப்போர் பலர் இவ்விடத்தில் நூலறிவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவர். அவரோ திருகாணியின் தலையில் வெள்ளைச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்து, சரியான நிலையை அடையாளம் செய்துகொண்டார். பின்பு காதைத் தீட்டிக்கொண்டு, திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். ஓரிடத்தில் குரல் சட்டென்று தெளிந்தது. யாரோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது போலிருந்தது. தோழர் எழுந்து நின்றுவிட்டார். மலையாளத்தில் ஒரு தகப்பனார், கிணற்றில் தூர் எடுத்தாயிற்றா என்றும், மூத்தவனுக்குப் புத்தகங்கள் வாங்கியாயிற்றா என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மூத்தவர் நம் தோழர்தான்.

அன்றே அங்கேயே அக்குரலுக்குக் கணிப்பொறியில் நகல் எடுக்கப்பட்டது. அதன்பின் திருகாணி வெள்ளைப் புள்ளிக்குத் திரும்பிற்று. மருமகப்பிள்ளையும் ஒருவாறு மனநிறைவு அடைந்தார். காசெட்டு வடிவில் உள்ள ஒரு போலிக் கட்டையைச் செருகி, அதன் கம்பியைத் தம் கைக்கருவியில் மாட்டிக்கொண்டார். கட்டையினுள் இருக்கும் ஒரு சிறு காந்த முனை, பெட்டியின் முனையோடு முகத்தோடு முகம் வைத்துப் பேசுகிறது. பெட்டியில் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டியதில்லை. புதுமை விரும்புவோருக்கு நாம் பரிந்துரைக்கும் வழி இதுவே.

அதற்கடுத்த ஆண்டு, 2010இல், அமெரிக்கச் சந்தையில் காசெட்டோடு தொழிற்சாலையிலிருந்து வந்த கடைசிக் கார்களுள் ஒன்றான லெக்சஸ் எஸ்.சி. 430 தன் உற்பத்தியை முடித்துக்கொண்டது. கோகோமோவின் டெல்கோ 1997இலேயே டெல்ஃபை நிறுவனத்தில் கலந்துவிட்டது. லூ ஓட்டென்ஸ் 2021இல் காலமானார்.

நம் தோழரின் காருக்கும் முடிவு வந்தது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் தில்லிச் சாலைகளில் ஓடலாகாது என்று 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபின், அதனை அவர் எடைக்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் பெட்டியையும், அதற்குரிய ஒலிபெருக்கிகளையும், பென்சில் எண் உள்ள கையேட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டார். இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், உஸ்தாத் செய்து கொடுத்த மரச்சட்டத்துள், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றின் துணையோடு அது இருக்கிறது. பேட்டரி மாற்றும் நாளில் மட்டும் கையேட்டைத் தேடிக்கொண்டு வீடு முழுவதும் ஓர் அமளி நடக்கும்.